இருபது வருட அண்ணனும் இரண்டு வருடத் தம்பியும்: தங்குவிடுதியில் இரண்டு தலைமுறை மனநலம்

கேள்வி: சிங்கப்பூரில் கட்டுமான நிறுவனம் ஒன்றில் தமிழ் ஊழியர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பில் இருக்கிறேன். 20 வருடமாக இருக்கும் ஆட்கள் எதற்கும் அசருவதில்லை. புதிதாக வரும் பையன்களோ ஆறு மாதத்திலேயே "டிப்ரஷன்" என்கிறார்கள். இந்தத் தலைமுறைக்குத் தாங்கும் சக்தி குறைவா? இரண்டு தரப்பையும் எப்படிக் கவனிப்பது?

பதில்:

தாங்கும் சக்தி குறைவு என்று நான் சொல்லமாட்டேன். ஒப்பிடும் முறையிலேயே கோளாறு இருக்கிறது. இன்று உங்கள் சைட்டில் நிற்கும் 20 வருடக்காரர், தன்னோடு வந்தவர்களில் மிஞ்சியவர். அவரோடு வந்து, தூக்கம் கெட்டு, குடி முற்றி, அடிபட்டு, சம்பளத் தகராறில் சிக்கித் திரும்பிப் போனவர்கள் உங்கள் கண்ணில் படமாட்டார்கள். அதோடு, 2025 ஜூலை 1 வரை நடப்பில் இருந்த விதியையும் சேர்த்துப் பாருங்கள். அடிப்படைத் திறன் பிரிவில் இருக்கும் இந்திய ஊழியர் 14 ஆண்டுகளுக்கு மேல் இங்கே வேலை செய்ய முடியாது. உயர்திறன் பிரிவுக்கு 26 ஆண்டு. ஆக, 20 வருடம் தாண்டியவர் என்றால் உயர்திறனுக்குப் போனவர், முதலாளிக்கு லெவியை (வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசுக்கு மாதாமாதம் கட்டும் தீர்வை) மிச்சப்படுத்தித் தருபவர் (கட்டுமானத்தில் இன்றைய கணக்கில் உயர்திறன் 500 சிங்கப்பூர் வெள்ளி, அடிப்படை 900 வெள்ளி), ஒர்க் பெர்மிட்டுக்கான (வேலை அனுமதி) உடல் பரிசோதனைகளில் தேறியவர். இத்தனை சல்லடையைத் தாண்டியவரை, எந்தச் சல்லடையும் இன்னும் சலிக்காத 23 வயதுப் பையனோடு நிறுத்தி "பார், அவர் எப்படி இருக்கிறார்" என்று கேட்பது நியாயமில்லை. அந்த அண்ணனின் முதல் வருடத்தையும் இந்தத் தம்பியின் முதல் வருடத்தையும் வைத்துப் பார்த்தால்தான் தலைமுறை வேறுபாடு தெரியும்.

வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது. பாரம் ஏறும் காலம் வேறு, அது வெளியே வரும் வழி வேறு. மூத்தவருக்கு அது மெதுவாகச் சேர்ந்து, உடம்பு வழியாக, பெரும்பாலும் இங்கே இருக்கும் காலத்தின் கடைசிப் பகுதியில் வெளிப்படும். இளையவருக்கு வந்த முதல் வருடத்திலேயே, பணக் கணக்கு வழியாகவும் கைப்பேசி வழியாகவும் வெளிப்படும். ஒரே மனநலப் பேச்சை ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் சேர்த்து நடத்திவிட்டு "செய்தாகிவிட்டது" என்று கோப்பை மூடுவதால் இருவருக்குமே பலன் இல்லை. (ஞாயிறு காலை சமைக்கவும் துணி துவைக்கவும் தேக்கா (லிட்டில் இந்தியா) போகவும் இருக்கும் ஒரே நேரத்தில் அதை வைப்பது இன்னொரு கூத்து.)

மூத்தவரிலிருந்து தொடங்குவோம். தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டிலும் புதுக்கோட்டை, தஞ்சை, திருவாரூர், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் பள்ளியோடு நின்றவர்கள். வயல் வேலை தெரியும், வெயில் தெரியும். ஊரில் கிடைத்த கூலியையும் இங்கே கிடைத்த சம்பளத்தையும் ஒப்பிட்டார்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தது. தங்கை கல்யாணம், மச்சு வீடு, நகை மீட்பு, பிள்ளைகள் படிப்பு என்று ஒவ்வொன்றாக முடிந்துகொண்டே வந்தது. இலக்கு கண்ணுக்குத் தெரிகிறவரை மனம் பெரிய சுமையையும் தூக்கும். ஊரில் "சிங்கப்பூர்க்காரர்" என்ற மரியாதையும் சேர்ந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமை ஃபோன் கார்டு வாங்கிப் பத்து நிமிடம் பேசினால் அடுத்த ஞாயிறு வரை ஊர்க்கவலை ஊரிலேயே இருந்தது. அந்தத் தூரம் கொடுமைதான். ஆனால் அதுவே ஒரு காப்பாகவும் இருந்தது என்பதை இப்போது பலரும் மறந்துவிடுகிறோம்.

அவருக்கு வரும் சிக்கல் வேறு. "மனசு எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பார், பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. அவருக்கு அது நெஞ்சுப் படபடப்பு, வயிற்று எரிச்சல், தலைபாரம், தோள்பட்டை வலி, கை கால் அசதி, விடியற்காலை 2, 3 மணிக்கு முழிப்பு வந்து மறுபடி தூக்கம் வராமை என்றுதான் வரும். மருத்துவரிடம் போவார், இதயப் பரிசோதனையில் ஒன்றும் இருக்காது, வலி மாத்திரையும் வயிற்று மாத்திரையும் வாங்கி வருவார். மூன்றாவது முறை போகும்போது மேற்பார்வையாளர் "எம்சி (மருத்துவ விடுப்பு) போடத்தான் போகிறான்" என்று முத்திரை குத்திவிடுவார். இன்னொரு கண்ணி, 45 வயதுக்கு மேல் நீரிழிவும் ரத்த அழுத்தமும் சேர்ந்துகொள்வது. மனச்சோர்வு வந்தவர் மாத்திரையை ஒழுங்காகப் போடமாட்டார். சர்க்கரை ஏறும், அசதி கூடும், அது சோர்வை இன்னும் ஆழமாக்கும். சர்க்கரை கட்டுக்குள் வராத மூத்த ஊழியரிடம் தூக்கத்தைப் பற்றியும் பசியைப் பற்றியும் கேட்காமல் மாத்திரையின் அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போவது அடிக்கடி நடக்கும் தவறு.

குடியும் இந்தப் பக்கம்தான் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 2013 டிசம்பர் 8 லிட்டில் இந்தியா கலவரத்துக்குப் பிறகு, 2015 ஏப்ரல் 1 முதல் பொது இடங்களில் இரவு 10.30 முதல் காலை 7 வரை குடிக்கத் தடை வந்தது. கூட்டமாக வெளியில் குடிப்பது குறைந்தது. அறைக்குள் தனியாக, தூக்கத்துக்காகக் குடிக்கும் பழக்கம் அந்தச் சட்டத்தால் மாறவில்லை. குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும் என்பது பாதி உண்மை. நடு இரவில் தூக்கத்தை உடைப்பதும் அதே குடிதான். தினமும் குடித்துப் பழகியவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்புகூட வரலாம். "நாளையிலிருந்து தொடக்கூடாது" என்று சத்தியம் வாங்குவதைவிட மருத்துவரிடம் அழைத்துப்போய்ப் படிப்படியாக நிறுத்துவதே பாதுகாப்பு.

மூத்தவருக்கு உண்மையிலேயே ஆபத்தான காலம் திரும்பிப்போகும் காலம். இதை யாரும் கவனிப்பதில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் ஊருக்குப் போனார் என்று வையுங்கள். 20 வருடத்தில் மனைவியோடும் பிள்ளைகளோடும் இருந்தது மொத்தம் 20 மாதம். வீட்டை நடத்தியது மனைவி. எந்தக் கடையில் கணக்கு, எந்தப் பள்ளியில் கட்டணம், எந்தப் பங்காளியோடு வரப்புத் தகராறு எல்லாம் மனைவிக்குத்தான் தெரியும். பணம் அனுப்பும் வேலை நின்றதும், வீட்டில் தனக்கு என்ன இடம் என்று அந்த மனிதருக்கே விளங்குவதில்லை. மசே நிதி (சிங்கப்பூரின் கட்டாய ஓய்வுக்காலச் சேமிப்பு) வெளிநாட்டு ஊழியருக்குக் கிடையாது. சேமிப்பு முழுக்க வீடாகவும் நகையாகவும் கல்யாணமாகவும் மாறியிருக்கும். இப்போது வயது வரம்பு 63 ஆகி, வேலை ஆண்டு வரம்பும் நீங்கிவிட்டதால் பலர் "இன்னும் ஒரு பெர்மிட்" என்று தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போடுவது நிம்மதி தருகிறது. ஆனால் உடம்பு வேறு கணக்கு வைத்திருக்கிறது.

இனி இளையவர். வேலை அதே சிமெண்டும் கம்பியும்தான். வந்த வழி மட்டும் மாறிவிட்டது. இவர்களில் கணிசமானோர் பாலிடெக்னிக் டிப்ளமாவோ பொறியியல் பட்டமோ முடித்தவர்கள். கூடப் படித்தவன் பெங்களூரில் ஏசி அறையில் இருக்கிறான், இன்னொருவன் கனடாவில் பனியில் நின்று படம் போடுகிறான். அப்பா தலைமுறை வயலோடு ஒப்பிட்டது. இவன் தன் வகுப்போடு ஒப்பிடுகிறான். போதாததற்கு ஏஜென்ட் "எஸ் பாஸ், சூப்பர்வைசர் வேலை" என்று சொல்லியிருப்பார். கையில் வருவது ஒர்க் பெர்மிட். எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் ஊழியருக்கான வேலை அனுமதி) வேண்டுமென்றால் புதிதாக விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 3,300 வெள்ளி சம்பளம் காட்டவேண்டும் என்பது அவனுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது. ஏமாற்றத்தோடு வெட்கமும் சேர்கிறது: ஊரில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு "சைட் இன்ஜினியர்" என்று சொல்லியாகிவிட்டது. அந்தப் பொய்யைக் காப்பாற்றவேண்டிய கட்டாயத்தில் சைட்டில் எடுத்த ஒரு படத்தைக்கூட வீட்டுக்கு அனுப்ப முடியாமல் இருக்கும் பையன்கள் உண்டு.

பணக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்தால்தான் இவர்கள் ஏன் ஆறாவது மாதத்தில் உடைகிறார்கள் என்று புரியும். ஸ்கில் டெஸ்ட் பயிற்சி, ஏஜென்ட், விமானச் செலவு எல்லாம் சேர்த்து 4 லட்சம் ரூபாய் கடன், நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்று வைப்போம். முதல் மாத வட்டி மட்டும் 8,000. மாதம் 500 வெள்ளி அனுப்புகிறான். வெள்ளி 65 ரூபாய் என்றால் 32,500. வீட்டுச் செலவுக்கு 15,000 போனால் கடனுக்கு மிஞ்சுவது 17,500. ஒரு மாதம்கூடத் தவறாமல் இதைக் கட்டினால் கடன் தீர 31 மாதம் ஆகும். பெர்மிட் ஒரு நேரத்தில் அதிகபட்சம் இரண்டு வருடத்துக்கு, அதாவது 24 மாதத்துக்குத்தான். புதுப்பிப்பது முதலாளியின் கையில். ஓட்டி (கூடுதல் நேர வேலை) குறைந்த மாதம், உடம்பு முடியாமல் ஐந்து நாள் போன மாதம் எல்லாம் இந்தக் கணக்கை இன்னும் தள்ளிவைக்கும். சிங்கப்பூரில் வேலை முகவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது: ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், கூடிப்போனால் இரண்டு மாதம். ஊரில் கைமாறும் பணத்துக்கு அந்த வரம்பு எட்டுவதில்லை. ஐந்தாறு மாதத்தில் பையன் தானே இந்தக் கணக்கைப் போட்டுவிடுகிறான். தூக்கம் போவது அந்த இரவிலிருந்துதான்.

மூத்தவரும் கடனோடுதான் வந்தார் என்பீர்கள். வந்தார். ஆனால் அவருக்குக் கடன் கொடுத்தது பெரும்பாலும் சொந்தமும் ஊர் வட்டிக்காரரும். இவனுக்கு அதற்கு மேல் நகைக்கடன், நுண்கடன் குழுவில் அம்மா பெயரில் எடுத்தது, கைப்பேசிக் கடன் செயலி என்று அடுக்கு இருக்கிறது. வாராவாரம் தவணை கேட்டு வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்பதை அம்மா வீடியோ அழைப்பில் அப்படியே காட்டிவிடுகிறார்.

கைப்பேசியைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். நம் நேரம் ஊரைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. வேலை முடிந்து, லாரியில் வந்து, குளித்துச் சாப்பிட்டு இவன் படுக்கும் 10 மணிக்கு ஊரில் 7.30. வீட்டு வேலை முடிந்து மனைவியோ அம்மாவோ நிதானமாகப் பேச உட்காரும் 9 மணி இங்கே 11.30. பேசி முடித்து, மனம் அடங்கி, கண் மூட நள்ளிரவு தாண்டி ஒரு மணி ஆகிவிடும். அதிகாலை நாலரை, ஐந்துக்கு எழுந்தாக வேண்டும். ஒரு நாள் இரண்டு நாளல்ல, மாதக்கணக்கில் நான்கு மணி நேரத் தூக்கம். இந்த அளவு தூக்கக் குறைவே எரிச்சலையும் அழுகையையும் மறதியையும் கொண்டுவரும். சாரத்தின் மேல் கால் தவறவும் வைக்கும். பல பையன்களுக்கு "டிப்ரஷன்" என்று அவர்களே பெயர் வைப்பதில் ஒரு பங்கு வெறும் தூக்கக் கடன். பேசும் நேரத்தை ஊரில் மாலை 6.30-க்கு, இங்கே 9 மணிக்கு, மாற்றிக்கொண்டு இரண்டு வாரம் பார்க்கச் சொல்லுங்கள். செலவில்லாத முதல் சிகிச்சை அது. தூக்கம் திரும்பியும் மனம் திரும்பவில்லை என்றால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

இளையவரிடம் மட்டும் புதிதாகத் தேடவேண்டிய ஒன்று இணையச் சூதாட்டம். ரம்மியும் கிரிக்கெட் பந்தயமும் கடனை ஒரே இரவில் அடைக்கும் வழியாகத் தெரிகிறது. அறையில் நாலைந்து பேரிடம் தனித்தனியாக 50 வெள்ளி கைமாற்று, சம்பளத்துக்கு முன்பே அட்வான்ஸ், ஊருக்கு இரண்டு மாதம் பணம் போகாமை, இரவில் போர்வைக்குள் கைப்பேசி வெளிச்சம். இவை சேர்ந்து வந்தால் நேரடியாகக் கேளுங்கள். உரிமம் இல்லாத தளத்தில் சூதாடுவது 2022-ன் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சூதில் தோற்றவர் அடுத்துப் போவது உரிமமற்ற கடன்காரரிடம். அங்கே வங்கிக் கணக்கையோ ஏடிஎம் அட்டையையோ கொடுத்துவிட்டால் அவரே குற்றவாளி ஆகிறார், பெர்மிட்டும் போகும். சூதாட்டக் கடனும் தற்கொலை எண்ணமும் நெருங்கிய உறவு கொண்டவை. ஆகவே இதைக் கண்டுபிடித்ததும் திட்டித் தீர்ப்பது ஆபத்து. முதலில் ஆளைத் தனியே விடாமல் இருப்பது, பிறகுதான் பணத்தைப் பற்றிப் பேசுவது.

இரண்டு தலைமுறையும் ஒரே அறையில் அப்பா மகனாகவே சந்திக்கும் இடமும் இருக்கிறது. இங்கே கான்கிரீட் போட்ட காசில் மகனைப் படிக்கவைத்தவர், அந்த மகனே அதே பெர்மிட்டில் வந்து இறங்குவதைப் பார்க்கிறார். தன் 20 வருடமும் வீண் என்று அப்பாவுக்குத் தோன்றுகிறது. அப்பா காசைக் கரைத்துவிட்டேன் என்று மகனுக்குத் தோன்றுகிறது. மகனுக்கு இன்னொன்றும் உண்டு. அவன் அப்பா இல்லாத வீட்டில் வளர்ந்தவன். அவனிடம் போய் "உன் அப்பா எவ்வளவு கஷ்டப்பட்டார் தெரியுமா" என்று யாராவது ஆறுதல் சொன்னால், அவன் காதில் அது குற்றச்சாட்டாகத்தான் விழும்.

சீனாவில் கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்த தொழிலாளர் பற்றி இதே தலைமுறைக் கேள்வியை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். 1980-க்குப் பின் பிறந்தவர்களை "புதிய தலைமுறை" என்று அங்கே அரசே 2010 ஆண்டுக் கொள்கை ஆவணத்தில் தனியாகக் குறிப்பிட்டது. அதே ஆண்டு ஷென்சென் ஃபாக்ஸ்கான் ஆலையில் இளம் தொழிலாளர்களின் அடுத்தடுத்த தற்கொலைகள் உலகச் செய்தியாயின. அங்கே புதிய தலைமுறை நகரத்தில் தங்க விரும்புகிறது. கிராமத்தில் பதிந்தவருக்கு நகரத்தில் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் குடும்பப் பதிவு முறை தடுக்கிறது. அந்த முடிவுகளை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் குடும்பத்தைக் கொண்டுவர முடியாது, இரண்டு தலைமுறையுமே திரும்பிப்போகத்தான் வந்திருக்கிறது. எதோடு தன்னை ஒப்பிடுகிறார் என்பது மாறிவிட்டது என்ற ஒன்று மட்டும் இரண்டு நாட்டுக்கும் பொது.

2020 ஏப்ரலில் கோவிட் தொற்றால் தங்குவிடுதிகள் மூடப்பட்ட காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பொங்கோல் எஸ்11, வெஸ்ட்லைட் தோ குவான் இரண்டும் ஏப்ரல் 5 அன்று முதலில் தனிமைப்படுத்தப்பட்டன. தங்குவிடுதி ஊழியர் வெளியே போய்வரக் கட்டுப்பாடுகள் மற்றவர்களுக்குத் தளர்ந்த பிறகும் 2022 வரை பல வடிவில் நீடித்தன. அதை அனுபவித்தவர்களில் சிலருக்கு இன்றும் அறையில் யாராவது இருமினால், கதவு அடைத்திருந்தால் படபடப்பு வரும். 2022-க்குப் பின் வந்தவருக்கு அது கதை. அந்த இரண்டு வருடம் கடந்து வந்தவரா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

தலைமுறையைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் இந்தப் பதில் தவறாகிவிடும். 2015-ல் வெளிவந்த சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று தெற்காசிய ஊழியர்களிடம் கே6 என்ற ஆறு கேள்வி அளவுகோலைப் பயன்படுத்தியது. வழக்கமாக வேலையில் இருப்பவர்களில் சுமார் 13 விழுக்காட்டினர் கடுமையான மனநலப் பாதிப்பு இருக்கக்கூடும் என்ற எல்லையைத் தாண்டினார்கள். வேலைக் காயம் அல்லது சம்பளப் புகாரில் சிக்கி நின்றவர்களில் 10-ல் 6 பேருக்கு மேல். கடனும், திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயமும் அதில் முக்கியப் பங்கு வகித்தன. 24 வயதோ 48 வயதோ, வேலை செய்ய முடியாமல் ஸ்பெஷல் பாஸில் (புகார் முடியும்வரை இங்கே தங்கத் தரும் தற்காலிக அனுமதி) உட்கார்ந்திருப்பவரை முதலில் பாருங்கள். ஆலோசனை கொடுப்பதற்கு முன் சம்பளப் புகாரை நகர்த்துங்கள். வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் எண் 6536 2692.

இப்போது நடைமுறை. எப்போது கவனிக்க வேண்டும்? இளையவரை மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம். மூத்தவரை பெர்மிட் புதுப்பிப்புக்கு மூன்று மாதம் முன்பு, ஊர் விடுமுறை முடிந்து திரும்பிய முதல் மாதம், ஏதாவது காயத்துக்குப் பிறகு, மகள் கல்யாணம் மாதிரி பெரிய இலக்கு ஒன்று முடிந்த பிறகு. கடைசியில் சொன்னது விசித்திரமாகத் தோன்றும். கடன் அடைந்த மாதத்தில்தான் சிலர் விழுகிறார்கள், ஏனென்றால் இத்தனை நாள் தூக்கி நிறுத்தியது அந்தக் கடன். ஊரில் புயலோ வெள்ளமோ வந்தால் இரண்டு தரப்பையும் சேர்த்துக் கவனியுங்கள். 2018 நவம்பர் 16 கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடி பக்கம் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. புதுக் கன்று காய்க்கப் பல வருடம். தோப்பை நம்பி "அடுத்த வருடம் ஊருக்குப் போய்விடலாம்" என்றிருந்த மூத்தவர்களின் திட்டமே அதோடு போயிற்று.

எப்படிக் கேட்பது? மூத்தவரிடம் உடம்பிலிருந்து தொடங்குங்கள். "அண்ணே, ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது? சாப்பாடு இறங்குதா? மாத்திரை தீர்ந்துபோச்சா, இருக்கா? கடைசியா ஊர்ல யாருகிட்ட பேசுனீங்க?" இந்த நாலு கேள்வியும் போதும். வயதில் சின்னவர் கேட்பதைவிட அவர் மதிக்கும் ஒரு மேஸ்திரியோ, ஒரே ஊர்க்காரரோ கேட்டால் வாய் திறப்பார். இளையவரிடம் பணத்திலிருந்து தொடங்குங்கள். "தம்பி, வரும்போது எவ்வளவு கடன், இப்ப எவ்வளவு நிக்குது? போன மாசம் ஊருக்கு எவ்வளவு போச்சு, கையில எவ்வளவு நின்னுச்சு?" நேரில் தயங்குபவன் வாட்ஸ்அப்பில் எழுதுவான், குரலில் சொல்ல முடியாததைத் தட்டச்சில் சொல்வது இந்தத் தலைமுறைக்கு இயல்பு. இரண்டு தரப்புக்கும் பொதுவான எல்லை: சோர்வோ, எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் ஏறக்குறைய தினமும் இருந்து, தூக்கம், பசி, வேலை மூன்றில் ஏதாவது கெட்டிருந்தால் மருத்துவரிடம் போகவேண்டும்.

மருத்துவரிடம் போவதில் நடக்கும் பிழைகள் சில. அறைத்தோழனை மொழிபெயர்க்க அழைத்துச் செல்வது முதல் பிழை. கடனையும் மனைவியோடு சண்டையையும் எவரும் அறைத்தோழன் முன்னால் சொல்லமாட்டார். தமிழ் பேசும் மருத்துவரையோ தொலைமருத்துவச் சேவையையோ கேளுங்கள். 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள முதன்மைப் பராமரிப்புத் திட்டத்தில் ஊழியர் கட்டுவது நேரில் போனால் 5 வெள்ளி, தொலைமருத்துவத்துக்கு 2 வெள்ளி. அங்கிருந்து தேவைப்பட்டால் மனநலக் கழகத்துக்கு (சிங்கப்பூரின் அரசு மனநல மருத்துவமனை) கடிதம் தருவார்கள். இரண்டாவது பிழை, மனச்சோர்வு மாத்திரை தொடங்கி ஒரு வாரத்தில் "பலனில்லை" என்று நிறுத்துவது. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் சில நாள் குமட்டலும் தூக்கக் கலக்கமும் இருக்கலாம். அந்த நாட்களில் உயரத்திலும் பாரந்தூக்கி அருகிலும் வேலை கொடுக்காதீர்கள். நன்றாகிவிட்டதென்று திடீரென்று நிறுத்துவதும் கூடாது. மூன்றாவது பிழைதான் மிகக் கெட்டது: "ஊருக்குப் போய் ரெஸ்ட் எடு" என்று உடனே டிக்கெட் போடுவது. 4 லட்சம் கடனோடு போகிறவருக்கு ஊர் ஓய்வு தராது. முதலில் சிகிச்சை, ஆள் நிதானத்துக்கு வந்த பிறகு அவரே முடிவு செய்யட்டும். மருத்துவச் செலவை ஏற்பது பெர்மிட் நிபந்தனைப்படி முதலாளியின் பொறுப்பு என்பதையும் நிறுவனத்துக்கு நினைவூட்டுங்கள்.

"டாக்டரிடம் போனால் பெர்மிட் போய்விடுமா?" என்ற பயம் இரண்டு தலைமுறைக்கும் உண்டு. மனநல ஆலோசனை பெற்றதற்காக பெர்மிட் தானாக ரத்தாவதில்லை. மருத்துவர் எழுதும் கடிதத்தில் நோயின் பெயர் தேவையில்லை, எந்த வேலை கொடுக்கக்கூடாது என்பதும் எத்தனை நாள் என்பதும் போதும். அப்படி எழுதித்தரக் கேட்கலாம். நிறுவனத்துக்குத் தெரியவே வேண்டாம் என்பவர்களுக்கு ஹெல்த்சர்வ் தொண்டமைப்பின் ஆலோசனை உண்டு. அதன் 24 மணி நேர நெருக்கடி உதவி எண் 3129 5000. வெளிநாட்டு ஊழியர்களுக்கென்றே நடத்தப்படுவது. வேலை இடம்தான் பிரச்சினையென்றால் கட்டுமான ஊழியர் பெர்மிட் முடிவதற்கு 40 முதல் 21 நாளுக்கு முன்பான இடைவெளியில், இப்போதைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கட்டுமான நிறுவனத்துக்கு மாறலாம். இந்த ஒரு தகவலே சிலருக்கு மூச்சுவிட இடம் தரும். பலருக்கு இது தெரியாது.

யாராவது "இருந்து என்ன பிரயோஜனம்", "எல்லாரும் நல்லா இருங்க" என்று பேசினால், வைத்திருந்த பொருளை மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினால், தயங்காமல் "செத்துப்போகலாம்னு தோணுதா?" என்றே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆமென்றால் தனியே விடாதீர்கள், உயரமான இடத்திலிருந்து கீழே கொண்டுவாருங்கள், ஆபத்து உடனடி என்றால் 995 அல்லது 999. மனநலக் கழகத்தின் அவசரப் பிரிவு புவாங்கோக்கில் 24 மணி நேரமும் திறந்திருக்கும். தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் இங்கே குற்றமல்ல. போலீஸ் பிடிக்கும் என்று பயந்து அறைத்தோழர்கள் மறைத்துவிடுவது இன்றும் நடப்பதால் இதைத் தங்குவிடுதியில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

வீட்டுப் பணிப்பெண்களின் நிலை வேறு. தனி வீட்டில், தனி முதலாளியோடு இருப்பதால் இங்கே சொன்ன பல வழிகள் அவர்களுக்குப் பொருந்தாது. அது தனிப் பதிலாகத்தான் எழுத வேண்டும்.

ஊரில் இருக்கும் குடும்பத்துக்கும் ஆலோசனை தேவைப்படும், குறிப்பாக மூத்தவர் திரும்பிப்போன முதல் வருடத்தில். அவர் கிளம்பும் முன், மனைவியின் கைப்பேசியில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைப் பதிந்துவிடச் சொல்லுங்கள். 2022 அக்டோபரிலிருந்து இந்திய அரசு நடத்தும் இலவச சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். இந்தியாவுக்குள்ளிருந்து மட்டும் கூப்பிடும் குறுகிய எண் என்பதால் இங்கே அவர் கைப்பேசியில் போட்டுப் பார்த்துவிட்டு "வேலை செய்யல" என்று அழித்துவிடப் போகிறார். அதையும் சேர்த்தே சொல்லி அனுப்புங்கள்.